அண்ணன் வரைந்த செவ்வாய்ச் சந்தை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் "இது என்ன, காலண்டர் மாதிரி இவ்வளவு நீளமாக அடித்திருக்கிறார்?" என்று நினைப்பீர்கள். சட்டைப்பைக்குள் போகாது. பஸ்ஸில் போகிறவர்கள் மடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். அச்சகத்துக்காரரும் இதையேதான் சொன்னார். நான்தான் இந்த அளவு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

என் அண்ணன் நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைந்துவிட்டது. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அவரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இதற்கு முன் நான் எழுதியதெல்லாம் கையெழுத்துத்தான். ஆனால் மூன்றாம் வகுப்புப் படித்தவன் என்று யாரும் என்னை எளிதாக எடைபோட்டுவிட வேண்டாம். இந்த மாவட்டத்தில் மாடு வாங்குகிறவன், விற்கிறவன், தரகு பேசுகிறவன், லாரி ஓட்டுகிறவன் எவனைக் கேட்டாலும் என் வீட்டுக்கு வழி சொல்வான். பொள்ளாச்சிச் சந்தையில் என் துண்டைப் பார்த்தால் விலை பேசிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிட்டு "வாங்க புதுக்கோட்டையாரே" என்பார்கள். யாருக்கும் குனியாமல் வந்தவன் நான். என் வீடு இரண்டு மாடி. லிஃப்ட் வைக்கக்கூட இடம் விட்டுத்தான் கட்டியிருக்கிறேன்.

இப்படி எழுதி, பிழை பார்க்கச் சொல்லிக் கோயம்புத்தூரில் இருக்கும் என் மகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். சற்று நேரத்தில் போன் வந்தது.

"அப்பா, மூணு பக்கம் ஆயிருச்சு. பெரியப்பா இன்னும் பொறக்கவே இல்ல."

"வருவாரு, பொறு."

"இது ஒங்க மலர் இல்லப்பா. அவரு மலர்."

சரி என்று இரண்டரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். மேலே இருப்பது கிழித்தது போக மீதி. இருந்தாலும் நான் இதற்குள் வராமல் இருக்க முடியாது. அவருடைய வாழ்க்கையில் நடந்த ஒரு பெரிய காரியத்தைச் செய்தவன் நான்தான். அதைச் சொல்லாமல் அவர் நல்லவர், அமைதியானவர், யாரையும் கடிந்து பேசாதவர் என்று மட்டும் எழுதினால் அது வேறு யாருடைய மலருக்கும் பொருந்திவிடும்.

பொன்னமராவதிக்குக் கிழக்கே, மழையை நம்பி விதைக்கிற ஊரில் அண்ணன் பிறந்தார். நான்கு வருடம் கழித்து நான். எனக்கு ஐந்து வயதில் ஆத்தா போய்விட்டது. அப்பா, அண்ணன், நான், ஒரு ஜோடி மயிலைக் காளைகள், இவ்வளவுதான் எங்கள் வீடு. அண்ணன் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தார். அவர் சிலேட்டில் மாடு வரைந்தால் வாத்தியார் அதை அழிக்கச் சொல்லாமல் அடுத்த வகுப்பு வாத்தியாரைக் கூட்டிவந்து காட்டுவார். நான் வரைந்த மாட்டைப் பார்த்து "இது என்னடா, கட்டிலா?" என்றார் அதே வாத்தியார். அத்தோடு நான் பள்ளிக்கூடத்துக்குப் போவதை விட்டுவிட்டேன்.

எனக்குப் பதினாறு வயது இருக்கும். காளைகளைக் குளத்துக்கு ஓட்டிப் போனபோது கயிற்றைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டு நடந்தேன். சுற்றக் கூடாது என்று அண்ணன் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். ஒரு காளை மிரண்டு இழுத்தது. வலது கைச் சுண்டுவிரல் முறிந்துவிட்டது. அண்ணன்தான் மூங்கில் பத்தை சீவி, வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டார். நாற்பது நாள் சோறு பிசைந்து ஊட்டினார். விரல் கூடியது. ஆனால் கோணிக்கொண்டு வெளிப்பக்கமாக வளைந்து கூடியது. "வைத்தியன் கையில குடுத்திருந்தா நேரா இருந்திருக்கும், நான் கெடுத்துட்டேன்" என்று அவர் வருத்தப்படுவார். எனக்கு அந்த விரலால் பிறகு லாபம்தான் வந்தது. சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் விலை பேசுவோம். வெளியே நிற்பவனுக்கு விலை தெரியாது. துண்டுக்கு அடியில் என் கை போனால் போதும், கோணல் விரல் பட்டதும் எதிராளிக்குத் தெரிந்துவிடும், தன்னிடம் பேசுவது யார் என்று. அப்புறம் அவன் வம்பு பண்ண மாட்டான்.

என் விரல் முறிந்த பிறகு அண்ணன் ஒரு காரியம் செய்தார். கற்றாழை நாரை எடுத்து இரண்டு காளைகளுக்கும் அவரே புதிதாகப் பிடிகயிறு திரித்தார். கையால் பிடிக்கிற நுனியில் சிவப்புத் துணியைச் சுற்றித் தைத்தார், விரலை அறுக்காமல் இருப்பதற்காக. அந்தச் சிவப்பு எனக்காகத் தைத்தது.

எனக்கு இருபது வயதில் அப்பா போய்விட்டார். அண்ணன் உழவு பார்த்துக்கொண்டே ஓவியத் தேர்வுக்குப் படித்தார். அதில் தேறி, அதற்கு மேல் ஒரு தேர்வு மெட்ராசில் எழுதினால் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார் ஆகலாம் என்றார். முதல் தேர்வுக்காகப் புதுக்கோட்டைக்குப் போய் மூன்று நாள் தங்கினார். அந்த மூன்று நாளில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. எங்கள் பக்கத்துச் சந்தை செவ்வாய்க்கிழமைதான் கூடும். எனக்கு அந்தக் காட்டில் கிடந்து சாக இஷ்டமில்லை. வியாபாரத்துக்கு முதல் வேண்டும். விடிகிற நேரத்தில் இரண்டு காளைகளையும் ஓட்டிக்கொண்டு போனேன். கீரமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் வயது தெரியப் பல்லைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், வாங்கிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இளவயதுக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவந்து மாற்றிக் கட்டி ஓட்டிப்போக வேண்டும். பழைய கயிற்றை விற்றவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, அது கிடந்த முளையிலேயே மாட்டிவைப்பார். மாடு போனாலும் கயிறு வீட்டில் இருந்தால் அந்த வீட்டுக்கு மறுபடி மாடு வரும் என்பது நம்பிக்கை. அன்றைக்குக் கீரமங்கலத்துக்காரர் புதுக்கயிறு கொண்டுவரவில்லை. "பரவால்ல தம்பி, இருக்குற கயித்தோடயே ஓட்டிட்டுப் போறேன்" என்றார். எனக்கும் அவசரம். சரி என்றேன்.

மறுநாள் அண்ணன் வந்தார். தொழுவத்தைப் பார்த்தார். நான் சொன்னேன். என்ன விலைக்குப் போயிற்று என்று அவர் கேட்கவில்லை. ஏன் விற்றாய் என்றும் கேட்கவில்லை. முளையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கயிறு எங்கடா?"

"கயிறா? குடுத்துட்டேன்."

"ரெண்டுமா?"

"ரெண்டு மாட்டுக்கு ரெண்டு கயிறு. ஊருல கயித்துக்கா பஞ்சம்?"

"மாடு போனாப் போகட்டும்டா. கயித்தயாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்ல."

நான் சிரித்தேன். இத்தனை வருடத்தில் நான் யாரைப் பார்த்தெல்லாமோ சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணன் சந்தைக்குப் போய் அந்தக் கீரமங்கலத்துக்காரரைத் தேடினார். அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும். சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு, விற்ற மாட்டுக்கு வாசலில் ரசீது எழுத ஆள் இல்லாத நேரம். கையில் பேனா வைத்துக்கொண்டு வாரா வாரம் வாசலில் நிற்கிற இவரைப் பார்த்து "சும்மா நிக்கிறீங்களே தம்பி, இத எழுதிக் குடுங்களேன்" என்று கூப்பிட்டிருக்கிறார். அண்ணன் உள்ளே போய் உட்கார்ந்தார். கயிறு தேடிப் போனவர் நாற்பது வருடத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். குத்தகைக்காரர்கள் மாறினார்கள், ரசீது எழுதுகிறவர் மாறவில்லை. ஓவியத் தேர்வில் பாஸ் என்று தபால் வந்தது. மெட்ராசுக்கு அவர் போகவில்லை. நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மற்ற நாட்களில் அவர் அக்கம்பக்கத்துக் கடைகளுக்குப் போர்டு எழுதினார், கோயில் சுவருக்கு வர்ணம் அடித்தார்.

நான் அதே சந்தையில் வளர்ந்தேன். முதலில் ஒரு கன்று, பிறகு இரண்டு மாடு, பிறகு லாரி. கயிற்றைக் கொடுத்தவன் வீட்டில் மாடு தங்காது என்றார்கள். என் கை வழியாகப் போன மாடுகளை வரிசையாக நிறுத்தினால் புதுக்கோட்டையிலிருந்து எங்கள் ஊர் வரை நிற்கும். ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன மாடுகள்தான் அத்தனையும். என் வீட்டுத் தொழுவத்தில் ஒரு மாடும் ஒரு மாதத்துக்கு மேல் நின்றதில்லை.

அண்ணன் உட்கார்ந்திருந்தது தகரக் கூண்டு. அதில் ஒரு சன்னல், இடுப்பு உயரத்தில். உள்ளே தரை பள்ளம். மற்றவர்கள் குனிந்து முகத்தைக் காட்டி, "நல்லாருக்கீங்களாண்ணே?" என்று நாலு வார்த்தை பேசி ரசீது வாங்குவார்கள். நான் உயரமான ஆள். அதோடு முன்னமே சொன்னேனே, எனக்குக் குனிந்து பழக்கமில்லை. வெளியே நிமிர்ந்து நின்றபடி கையை மட்டும் உள்ளே நீட்டுவேன். உள்ளேயிருந்து குரல் வரும்.

"என்ன நெறம்?"

"மயிலை."

"கொம்பு?"

"கூடு கொம்பு."

"பல்லு?"

"நாலு பல்லு."

ரசீது கைக்கு வந்துவிடும். இவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது. நாங்கள் சண்டை போட்டுப் பிரிந்தோம் என்று சிலர் நினைக்கிறார்கள். சண்டை போட்டதே இல்லை. போட்டிருந்தால் யாராவது நடுவில் வந்து சேர்த்துவைத்திருப்பார்கள். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் மாட்டின் அடையாளம் சொல்வோம், அவ்வளவே. பெண் பார்க்கட்டுமா என்று ஒரு முறை ஆள் விட்டுக் கேட்டேன். "பாப்போம்" என்றாராம். என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தார், பந்தியில் உட்கார்ந்தார், மொய் எழுதினார், போய்விட்டார். மாடியை ஏறிப் பார்க்கவில்லை.

மற்றவர்களிடம் அவர் இன்னொரு கேள்வி கேட்பார் என்பது எனக்குத் தெரியும். வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவரிடம் கேட்பது காதில் விழும். நிறம், கொம்பு, பல் எல்லாம் எழுதி முடித்து, ரசீதைக் கிழிக்கும் முன் விற்றவரிடம் கேட்பார்: "கயிறு வாங்கிட்டீங்களா?" ரசீதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாங்காதவர்கள் திரும்பி ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வருவார்கள். என் முறை வரும்போது பல்லோடு நிறுத்திக்கொள்வார். என்னிடம் ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை.

கடைசி நாட்களைச் சொல்ல வேண்டும். மூச்சு இழுப்பு. ஆஸ்பத்திரிக்கு என் காரில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வரவில்லை. சந்தையில் டீக்கடை வைத்திருக்கும் பாக்கியம்தான் அவருக்குப் பக்கத்து வீடு. வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தது அவள். கடைசியில் அவள்தான் எனக்குப் போன் செய்தாள். "வாரதா இருந்தா இன்னிக்கே வாங்கண்ணே."

ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். அப்பா கட்டிய அதே வீடு. எனக்குச் சேர வேண்டியதையும் அவருக்கே விட்டுக்கொடுத்தவன் நான். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் கட்டிலின் சட்டத்தில் கையை வைத்தேன். அவர் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. கையைப் பார்த்தார்.

"என்ன நெறம்?" என்றார்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள்.

"மயிலை, அண்ணே."

"கொம்பு?"

"கூடு கொம்பு."

"பல்லு?"

"எல்லாப் பல்லும் சேந்துருச்சுண்ணே."

அவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நானாகவே சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு என்னிடம் என்ன இருந்தது? மறுநாள் விடியும் முன் பாக்கியத்திடமிருந்து போன் வந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வீட்டைப் பூட்டச் சாவி வாங்கப் போனேன். பாக்கியம் பரணிலிருந்து ஒரு சுருளை இறக்கிக் கொடுத்தாள். "இது ரசீதண்ணன் வரஞ்சது. யாருக்குன்னு சொல்லல. நீங்கதான் கூடப்பொறந்தவரு." வெளியே வரும்போது ஒன்றைப் பார்த்தேன். வீட்டில் சட்டை, வேட்டி, பை எல்லாம் தரையிலும் கொடியிலும் கிடந்தன. ஆனால் பழைய தொழுவத்துச் சுவரில் இரண்டு முளைகள் காலியாக இருந்தன. "அதுல ஒரு துணி போட விடமாட்டாரு" என்றாள் பாக்கியம்.

சுருளை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் விரித்தேன். ஒரு கதவு அகலம் இருக்கும். ஆறு தாள்களை ஒட்டி, ரசீது எழுதிய அதே கறுப்பு மையில், செவ்வாய்ச் சந்தையை வரைந்திருந்தார். எத்தனை வருடமாக வரைந்தார் என்று தெரியவில்லை. செத்துப்போன தரகரும் நேற்று வந்த லாரிக்காரரும் ஒரே மரத்தடியில் நிற்கிறார்கள். தூசியைப் புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறார். ஒருவர் காளையின் வாயைப் பிளந்து பல் பார்க்கிறார். காளை அவரைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கிறது. ஒரு பெண் ஆட்டை விற்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை மட்டும் நீட்டுகிறாள். சாணி அள்ளுகிறவள் கூடையைத் தலைக்கு ஏற்றிவிட ஆள் தேடுகிறாள். லாரிப் பலகையில் ஏற மறுக்கும் எருமைக்குப் பின்னால் நான்கு பேர் தோள் கொடுக்கிறார்கள். டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு பக்கம், பெஞ்சுக்குப் பின்னால் மண்ணில் குந்தியிருப்பவர்கள் ஒரு பக்கம். நான் நாற்பது வருடம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் மண்ணில் இத்தனை பேர் குந்தியிருந்தார்கள் என்பதை இந்தப் படத்தில்தான் பார்த்தேன்.

இன்னொன்றும் போகப்போகப் பிடிபட்டது. கயிறு பிடிக்கிறவன், மாடு குளிப்பாட்டுகிறவன், பலகை தூக்குகிறவன் எல்லோருக்கும் முகம் வரைந்திருக்கிறார். ஒரு முகம் போல இன்னொரு முகம் இல்லை. முதலாளிமார், பெரிய தரகர்கள், வெள்ளை வேட்டிக்காரர்கள் எல்லோருக்கும் முதுகுதான். இருபது வருடம் என் மாடுகளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவனின் முகத்தை அதில் அடையாளம் கண்டேன். பெயர் எனக்கு வரவில்லை. பாக்கியத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் என்னைத் தேடினேன். ஒரு வருடமாக எனக்கு இதே வேலைதான். வீட்டில் வேறு யாரும் இல்லை. பெண்டாட்டி போய் ஆறு வருடமாகிறது. மகன் கத்தாரில் இருக்கிறான். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துத் தேடினேன். அந்தச் சந்தையில் நான் யார்! என்னை விட்டுவிட்டு அந்தச் சந்தையை ஒருவன் வரைய முடியுமா? முகங்களில் நான் இல்லை. அப்படியானால் முதுகுகளில் இருக்க வேண்டும். ஆனால் என் முதுகு எப்படியிருக்கும் என்று எனக்கே தெரியாதே. படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை பாக்கியத்தின் கடைக்குப் போனேன். பெஞ்சில் விரித்தோம்.

"திரும்பி நில்லுங்கண்ணே."

திரும்பினேன்.

"துண்ட எறக்குங்க. அங்கிட்டு ரெண்டு எட்டு நடங்க."

நடந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த தரகர்களுக்கு ஒரே சிரிப்பு.

"என்ன பாக்கியம், மாட்ட நடக்கவிட்டுப் பாக்குற! பல்லு பாக்கலயா?"

"பாக்க இவருக்குப் பல்லு இருந்தாத்தானே!"

நானும் சிரித்துவிட்டேன். அவள் ஒவ்வொரு முதுகாக விரல் வைத்துக்கொண்டே வந்தாள். இது இன்னார், இது கேரளாக்காரர், இது நொண்டித் தரகர். கடைசியில் நிமிர்ந்தாள்.

"ஒங்க முதுகு இதுல இல்லண்ணே."

"நல்லாப் பாரு."

"நாப்பது வருசமா ஒங்களுக்கெல்லாம் டீ ஊத்துறேன். எனக்குப் பாக்கக் கெடச்சது முதுகுதானே. எனக்குத் தெரியாதா?"

டீ ஆறிப்போயிற்று. குடிக்காமல் வந்துவிட்டேன். என் அண்ணன் சாணி அள்ளுகிறவளை வரைந்தார், நொண்டித் தரகரை வரைந்தார், சந்தை நாயை மூன்று இடத்தில் வரைந்தார். என்னை வரையவில்லை. அது நியாயம்தான் என்று ஒரு மனம் சொன்னது. ஆனாலும் அந்த வாரம் சாப்பாடு இறங்கவில்லை. பெரிய வீட்டில் ஒரு ஆள் சாப்பிடாமல் இருந்தால் கேட்க யாருமில்லை என்பதும் அப்போது தெரிந்தது.

இல்லாவிட்டால் இல்லை, படம் அவர் போட்டது, அவருடைய மலரில் வரட்டும் என்று புதுக்கோட்டை அச்சகத்துக்கு எடுத்துப் போனேன். படத்தின் கீழ்விளிம்பு சுருண்டு உள்பக்கமாக மடிந்து ஒட்டிக் கிடந்தது. பிரித்தால் கிழிந்துவிடும் என்று நான் அதைத் தொட்டதில்லை. அச்சகத்துக்காரர் கண்ணாடிக்கு அடியில் வைத்து நிமிர்த்திப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் காட்டினார்.

"ஐயா, கீழ சன்னல் கட்ட மாதிரி ஒண்ணு வருது. அதுல ஒரு கை மட்டும் நிக்குது, ஆளு இல்ல. பாக்க நல்லா இல்ல. அத வெட்டிட்டா பக்க அளவு கரெக்டா வந்துரும். வெட்டிரவா?"

"எந்தக் கை?"

அவர் அதைப் பெரிதாக்கினார். சன்னல் கட்டையைத் தாண்டி உள்ளே நீண்டிருக்கும் ஒரு வலது கை. படத்திலேயே பெரியது அதுதான். மற்றவர்கள் எல்லாம் தூரத்தில் விரலளவு இருக்க, இது மட்டும் கிட்டத்தில். சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

நான் என் கையைத் திரையோரம் வைத்துப் பார்த்தேன். கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவருக்குத் தூரத்தில் நிற்பவர்கள் முழுதாகத் தெரிவார்கள். சன்னலுக்குக் கிட்டே வந்து நிமிர்ந்து நிற்பவனின் கை மட்டும்தான் தெரியும். நாற்பது வருடமாக நான் அவருக்குக் காட்டியது அவ்வளவுதான். அதை ஒரு கோடு பிசகாமல் வரைந்திருக்கிறார். தான் கட்டுப் போட்டு வளைந்துபோன விரலைத் தானே வளைத்து வரைந்திருக்கிறார்.

"கையில என்னமோ வச்சிருக்காரே, ரசீதா?" என்றார் அச்சகத்துக்காரர்.

ரசீது இல்லை. கயிறு. சுருட்டிய இரண்டு பிடிகயிறுகள். நுனியில் துணி சுற்றித் தைத்திருக்கிறது. கறுப்பு மையில் போட்ட படத்தில் அந்தத் துணி என்ன நிறம் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்தக் கயிற்றை நான் ஒருநாளும் அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. நடந்ததை மட்டுமே வரைகிறவர் என் அண்ணன். சாணிக் கூடையில் எத்தனை ஓட்டை என்றுகூடப் பார்த்து வரைகிறவர். இந்த ஒன்றை மட்டும் நடக்காமலே வரைந்திருக்கிறார்.

"வெட்டக் கூடாது" என்றேன். "புக்கு நீளமாயிரும்யா" என்றார். "ஆகட்டும்" என்றேன். இந்த மலர் நீளமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நடுப்பக்கத்தை விரித்துக் கீழே பாருங்கள். மடிக்கிறவர்கள் அந்த இடத்தில் மடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போயிருந்தேன். சந்தை நன்றாகத்தான் கூடுகிறது. கூண்டும் இருக்கிறது. இப்போது ரசீதை மெஷின் அடித்துக் கொடுக்கிறது. நான் விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. சன்னல் கட்டையில் கையை ஊன்றி, முட்டி வலியோடு குனிந்து உள்ளே பார்த்தேன். உள்ளே இருந்த பெண் "என்னங்க ஐயா வேணும்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். அங்கிருந்து பார்த்தால் புளியமரமும் லாரியும் டீக்கடையும் படத்தில் இருப்பது போலவே தெரியும் என்று நினைக்கிறேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றதால் அதிக நேரம் குனிந்திருக்க முடியவில்லை.

என் அண்ணனைத் தோளில் சுமந்தவர்களுக்கும், பந்தலில் வெயில் பாராமல் நின்றவர்களுக்கும், பிறந்த பிள்ளை போல் அவருக்குக் கஞ்சி ஊட்டிய பாக்கியத்துக்கும், விடுமுறை கிடைக்காமல் வெளிநாட்டிலிருந்து போனிலேயே அழுத என் மகனுக்கும், பிழை திருத்திய மகளுக்கும், கையை வெட்டும் முன் என்னைக் கேட்ட அச்சகத்துக்காரருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். பெயர் விட்டுப்போனவர்கள் கோபிக்க வேண்டாம். படத்தில் உங்கள் முகம் இருக்கும், தேடிப் பாருங்கள்.

மூலப்படம் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். போன் செய்துவிட்டு வர வேண்டியதில்லை, நான் வீட்டில்தான் இருக்கிறேன். வருகிறவர்கள் ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும், என் கண் இப்போது அவ்வளவு தெளிவில்லை. கயிற்றை நீட்டியபடி அந்தக் கை நிற்கிறது. அதை வாங்கிக்கொள்ள உள்ளேயிருந்து இன்னொரு கை வருகிறதா என்று எவ்வளவோ பார்த்துவிட்டேன். தாள் அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
தம்பி